பகடையில விழுந்த எண்ணோட ஆறு மாசம் இரிக்கச் சொல்றது நியாயமா?

வாவிக்கரை டீஎம் | ஞாயிறு, இரவு 10.20

எல்லாருக்கும் வணக்கம், ஸலாம். நீளமா எழுதப் போறன், பொறுத்துக்கொண்டு வாசிங்க. ஒரு கிழமையா இது என்னத் தூங்க விடல்ல.

நாங்க என்னோட சேத்து ஆறு பேர். கதையை நடத்துற டீஎம் (டன்ஜன் மாஸ்டர்) நான். மட்டக்களப்புக் கல்லடியில எங்கட வீட்டு விறாந்தையில ஞாயித்துக்கிழமை பின்னேரம் மூணு மணிக்குத் தொடங்கி மஹ்ரிபுக்கு முதல் முடிப்பம். சம்மாந்துறையில இருந்து வாறவர் இருட்ட முதல் பஸ் ஏறணும். விளையாடுறது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 2014 இல வந்த ஐந்தாம் பதிப்பு. ஆளுக்கொரு கேரக்டரா நடிச்சி, பகடை உருட்டிக் கதையைக் கொண்டுபோற மேசை விளையாட்டு. உலகம் மட்டும் நம்மட. கிழக்கால எழுவான்கரை, மேற்கால படுவான்கரை, நடுவில வாவி. பூரணை இரவில மீன் பாடுற இடத்துல தண்ணிக்கடியில ஒரு கதவு. கேரக்டர்ட ஆறு குணத்துக்கும் எண் எழுதுற தாளையும் நானே தமிழில செஞ்சி அடிச்சன்: வலு, வேகம், திடம், புத்தி, நிதானம், வசீகரம்.

பொங்கல் முடிஞ்ச கிழமைதான் கேரக்டர் உருட்டினம். பகடை அலுமாரிக்குக் கீழ ஓடாம அம்மாட சுளகை எடுத்து மேசைக்கு நடுவில வச்சன். நாலு ஆறுமுகப் பகடையை உருட்டி, குறைஞ்சதை விட்டிட்டு, மிச்சம் மூண்டையும் கூட்டுறது. இப்படி ஆறு தரம். வந்த எண்ணை அந்த ஆறு குணத்துல விரும்பினதுக்குப் போடலாம்.

சம்மாந்துறை நண்பருக்கு விழுந்தது 18, 16, 15, 14, 12, 11. சுளகைச் சுத்தி ஒரே சத்தம். அவருக்குப் பிறகு உருட்டினது ஒரு தங்கச்சி. எங்கட மேசையில எல்லாரையும் விட அவதான் ஆசையா வந்தவ. வாவிக் கதவைக் காவல் காக்கிற வாள்காரி எண்டு ஒரு கொப்பி முழுக்கக் கதை எழுதிக் கொண்டுவந்திருந்தா. அவக்கு விழுந்தது 13, 11, 10, 9, 8, 7.

ஆறாவது எண்ணை எழுதிட்டுப் பென்சிலைத் தாளுக்கு மேல வச்சிட்டு என்னைப் பார்த்து, "அண்ணா, இதுதானா?" எண்டு கேட்டா. நான் சொன்னன், "விழுந்தது விழுந்ததுதான் தங்கச்சி. கதைக்கு நல்லா இரிக்கும்."

இப்ப ஆறு மாசம். முதல் ரெண்டு மாசம் நல்லாக் கதைச்சா. மறுகா கொஞ்சம் கொஞ்சமா அவட முறை வந்தா "நானும் அடிக்கிறன்" எண்டு மட்டும் சொல்லி உருட்டுவா. பிறகு அடுத்தவங்கட முறையில போனைப் பார்க்கத் தொடங்கினா. போன கிழமை வட்ஸ்அப்பில ஒரு வரி: "அண்ணா இனி நான் வரல்ல, பரீட்சை இரிக்கி." இப்ப அவக்கு ஒரு பரீட்சையும் இல்லயெண்டு எனக்குத் தெரியும்.

நான் கேக்கிறது இதுதான். தொடக்கத்துலயே எல்லாருக்கும் ஒரே அளவு புள்ளி குடுத்து, அதால எண்களை வாங்க விட்டிருக்கணுமா? பகடையில கேரக்டர் செய்யிறதே பிழையா? உங்கட மேசைகளில என்ன செய்யிறீங்க?

மூணு பகடை | ஞாயிறு, இரவு 11.05

டீஎம், கவலைப்படாதீங்க. உருட்டுறது பிழையில்ல. எந்த விளையாட்டுக்குள்ள உருட்டுறம் எண்டதுதான் இங்க விஷயம்.

நான் பழைய முறையில ஓட்டுறவன். மூணு பகடை, விழுந்த வரிசையிலயே எழுதணும், மாத்தி வைக்க ஏலாது. 1974 இல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் முதல் வெளியிட்ட மூண்டு சின்னப் புத்தகத்துல இதுதான் விதி. அந்தப் புத்தகங்களில வலு 18 எண்டாலும் வாள் வீச்சுக்கு ஒரு புள்ளிகூடக் கூடாது. உங்கட தொழிலுக்கு முக்கியமான எண் கூடவா இருந்தா அனுபவப் புள்ளி பத்து வீதம் கூடக் கிடைக்கும், பெரிய வித்தியாசம் அதுதான். அடுத்த வருஷம் கிரேஹோக் எண்ட இணைப்பு வந்த பிறகுதான் வலுவுக்கு அடியிலயும் காயத்துலயும் கூட்டல் வந்தது.

அந்த விளையாட்டுல ஆள் செத்தா அஞ்சு நிமிஷத்துல அடுத்த ஆளை உருட்டிரலாம். ஒரு பின்னேரத்துல ரெண்டு பேரைப் புதைச்சிட்டு மூண்டாவது ஆளோட வீட்ட போனவங்க எங்கட மேசையில இரிக்காங்க. அங்க கெட்ட உருட்டல் எண்டது ஒரு நாள் மழை மாதிரி. உங்கட மேசையில அது ஆறு மாசம். ஐந்தாம் பதிப்பில ஆள் லேசில சாகவும் மாட்டார்.

பழைய விதியை எடுத்தீங்க, அந்த விதி இருந்த வீட்டை எடுக்கல்ல. அதுதான் பிழைச்சது எண்டு நான் நினைக்கிறன்.

கல்முனைக் கணக்கு | திங்கள், காலை 6.10

நான் கணித ஆசிரியை. பாடசாலைக்குப் போவதற்கு முன் எழுதுகிறேன், ஆகவே எண்களை மட்டும் சொல்கிறேன்.

டீஎம் சொன்ன இரண்டு தொகுதிகளையும் கூட்டிப் பார்த்தேன். ஒன்று 86, மற்றது 58. நான்கு பகடையில் குறைந்ததை விடும் முறையில் ஆறு எண்களின் கூட்டுத்தொகை சராசரியாக 73 புள்ளிச் சொச்சம். ஆக ஒருவர் சராசரிக்கு 12 மேலே, மற்றவர் 15 கீழே. இரண்டும் நடக்கக்கூடியவைதான். இந்த முறையில் ஆறு எண்களில் ஒன்றாவது 18 ஆக வருவதற்கு நூற்றுக்கு ஒன்பது அளவில் வாய்ப்பு உண்டு. ஐந்து பேர் உருட்டினால் யாரோ ஒருவருக்கு வந்துவிடுவது அதிசயமே இல்லை.

ஆனால் 58 உம் 86 உம் என்று சொல்லும்போது மேசையில் நடப்பது தெரியாது. முதல் நிலை வாள்வீரர் இருவர், கேரக்டரின் இனத்துக்குக் கிடைக்கும் கூடுதல் எண்கள் சேராமல், கொப்ளின் என்ற ஒரு குட்டிப் பூதத்தை அடிக்கிறார்கள் என்று வையுங்கள். கொப்ளினின் கவச எண் 15, அடி பட அதை எட்ட வேண்டும். உயிர்ப்புள்ளி 7, அவ்வளவு காயம் பட்டால் சாகும்.

வலு 18 உள்ளவருக்கு உருட்டலோடு கூட்டல் 4, பயிற்சிக்கு 2. இருபதுமுகப் பகடையில் 9 விழுந்தால் போதும், நூற்றுக்கு 60. நீள்வாள் எட்டுமுகப் பகடை, அதோடு 4. மூன்று விழுந்தாலே கொப்ளின் முடிந்தது.

வலு 13 உள்ளவருக்குக் கூட்டல் 1, பயிற்சிக்கு 2. அவருக்கு 12 விழ வேண்டும், நூற்றுக்கு 45. பட்டாலும் எட்டுமுகப் பகடையில் 6 ஆவது விழுந்தால்தான் கொப்ளின் சாகும்.

இரண்டையும் பெருக்குங்கள். கிரிட்டிக்கலை, அதாவது 20 விழுந்தால் காயம் கூடுவதை, விட்டுவிடுகிறேன். ஒரே அடியில் கொப்ளினை வீழ்த்த முதலாமவருக்கு நூற்றுக்கு 45 வாய்ப்பு, இரண்டாமவருக்கு 17. கூட்டலில் மூன்றுதான் வித்தியாசம். மேசையில் அது ஒருவர் மூன்று கொப்ளினை வீழ்த்தும்போது மற்றவர் ஒன்று வீழ்த்துவது. ஆறு மாதம், ஒவ்வொரு ஞாயிறும். அந்தப் பிள்ளை "நானும் அடிக்கிறன்" என்று சொன்னதன் பொருள் எனக்கு இந்தக் கணக்கில் விளங்குகிறது.

இன்னொன்று. 2000 இல் வந்த மூன்றாம் பதிப்பிலும் இதே நான்கு பகடை முறைதான். ஆனால் அதில் ஒரு காப்பு உண்டு. ஆறு எண்களும் தரும் கூட்டல் கழித்தல் எல்லாம் சேர்த்து பூச்சியம் அல்லது அதற்குக் கீழே வந்தால், அல்லது ஆகப் பெரிய எண் 13 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், முழுத் தொகுதியையும் விட்டுவிட்டு மீண்டும் உருட்டலாம். இந்தத் தொகுதியின் கூட்டல் கழித்தல் மொத்தம் கழித்தல் 3, ஆகப் பெரிய எண் 13. இரண்டு காரணத்தாலும் திரும்ப உருட்டியிருக்கலாம். அந்த வரியை எழுதியவர்கள் இப்படி ஒருவர் மேசையில் இருந்து வாடுவதைப் பார்த்திருப்பார்கள் என்றே எனக்குப் படுகிறது.

மணி அடிக்கப் போகிறது. மாலையில் வருகிறேன்.

ஒலுவில் காத்து | திங்கள், காலை 9.32

ரீச்சர்ட கணக்கு சரி. ஆனா எல்லாருக்கும் ஒரே புள்ளி குடுத்தா நியாயம் எண்டதை நான் ஏத்துக்கொள்ள மாட்டன்.

நம்மட நாட்டுல பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகளை எடுக்கிறது 40 வீதம் முழு நாட்டுக்குமான திறமையில, 55 வீதம் மாவட்ட சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கின பட்டியல்ல இரிக்கி. எங்க பிறக்கிறம் எண்டது பகடை. அதுக்குப் பிறகு ஒரு கை குடுக்கிறதுதான் நியாயம்.

டீஎம், நீங்களும் அதைச் செய்யலாம். அவட வாளுக்கு ஒரு மந்திரம் குடுங்க. வாவிக்கடியில கிடந்த வாள், அவட கைக்கு மட்டும் வெளிச்சம் வாற வாள். கூட்டல் 2. கதையும் வரும், கணக்கும் கிட்ட வரும்.

சேனைக்காரன் | திங்கள், காலை 10.15

மாவட்ட ஒதுக்கீடு நியாயமெண்டு யார் சொன்ன? கொழும்புல வாடகை வீட்டுல இருந்து படிக்கிற ஏழைப் பிள்ளைக்கு...

மட்டுறுத்துநர் | திங்கள், காலை 10.40

சேனைக்காரன், ஒலுவில் காத்து, ரெண்டு பேருக்கும் சொல்றன். ஒதுக்கீடு பெரிய விஷயம், நானும் அதால படிச்சவன். அதுக்குத் தனி இழை திறங்க, நானும் வாறன். இங்க கேரக்டர் செய்யிறதைப் பத்தி மட்டும் கதைப்பம். இதுக்குப் பிறகு வந்த பதினொரு பதிவை அங்கால நகர்த்திட்டன்.

வட்டக்களரி | திங்கள், பகல் 1.25

நான் படுவான்கரைப் பக்கம். எங்கட மாமா கூத்துப் பழக்கிற அண்ணாவியார். பகடை விளையாட்டு எனக்கு ரெண்டு வருஷமாத்தான் பழக்கம், கூத்து பிறந்ததுல இருந்து.

எங்கட ஊருல கூத்துப் பழகத் தொடங்கினா முதல் சட்டம் கொடுக்கிற நாள் வரும். ஊர்ப் பெரியாக்கள் இருப்பாங்க, வெத்திலை பாக்கு இருக்கும். இன்னாருக்கு இன்ன பாத்திரம் எண்டு அண்ணாவியார் குரலையும் உசரத்தையும் ஆட்டத்தையும் பார்த்துச் சொல்லுவார். அருச்சுனனுக்கு ஆசைப்பட்டவனுக்கு, ராசா வாறதை அறிவிக்கிற கட்டியகாரன் விழும். எனக்கும் விழுந்திரிக்கி. பதினாலு வயசுல, அழுதுட்டன்.

ஆனா களரியில ஏறின பிறகு ஒண்டைக் கண்டன். கட்டியகாரனுக்கும் அவண்ட வரவு இரிக்கி, களரிக்குள்ள வந்து ஆடுற நேரம். அவனுக்கெண்டு ஒரு பாட்டு, அவனுக்கெண்டு ஒரு தாளம். மத்தளம் அவண்ட காலுக்குத்தான் அப்ப அடிக்கும். ராசா எவ்வளவு பெரிய ராசாவா இருந்தாலும் கட்டியகாரன் ஆடி முடியுமட்டும் திரைக்குப் பின்னால நிக்கணும்.

உங்கட மேசையில அந்தத் தங்கச்சிக்கு வரவு இருந்ததா? நான் கேக்கிறது எண்ணை இல்ல. ஆறு மாசத்துல மத்தளம் அவட காலுக்கு அடிச்ச ஒரு பின்னேரம் இருந்ததா? அவ எழுதிக் கொண்டுவந்த கொப்பியில இருந்து ஒரு பக்கமாவது கதைக்குள்ள வந்ததா?

குறை எண்டு எடுக்காதீங்க. எங்கட மாமா அடிக்கடி கேக்கிற கேள்வி இது, அதால கேட்டன்.

வாவிக்கரை டீஎம் | திங்கள், பின்னேரம் 4.50

வட்டக்களரி, உங்கட பதிவை மூணு தரம் வாசிச்சன். கொப்பியில ஒரு பக்கமும் வரல்ல. "வரும், வரும்" எண்டு சொல்லிக்கொண்டே இருந்திரிக்கன். அந்தக் கொப்பி இப்பவும் எங்கட வீட்டுலதான் கிடக்கு.

விண்வெளிக் கப்பல் | திங்கள், இரவு 8.15

நாங்க அக்கரைப்பற்றுல டிராவலர் எண்ட விண்வெளிக் கதை விளையாட்டு விளையாடுறம். 1977 இல வந்த விதிப்படி கேரக்டர் செய்யும்போதே ஆள் மௌத்தாகலாம், செத்துப் போகலாம். சிரிக்காதீங்க, உண்மை. படையில சேந்தா நாலு வருஷத்துக்கு ஒருக்கா தப்பிப் பிழைக்கிற உருட்டல். தப்பினா திறமை, பதவி, காசு. தப்பாட்டி அந்தத் தாளைக் கிழிச்சிட்டுப் புதுசா.

நான் இதைச் சொல்ற காரணம், அங்க பகடையை விட எனக்குப் பிடிச்சது நிப்பாட்டுற உரிமை. ஒவ்வொரு நாலு வருஷம் முடியவும் "காணும், வெளியில போறன்" எண்டு சொல்லலாம். இல்லாட்டி இன்னொரு நாலு வருஷத்துக்கு நெஞ்சைக் குடுக்கலாம். பேராசைப்பட்டுச் செத்தா அது நான் எடுத்த முடிவு. ஒரு முறை என்ட ஆள் ஏழாவது தடவையில போய்ச் சேந்தாள், எல்லாரும் எழும்பி நிண்டு கை தட்டினாங்க. கெட்ட உருட்டல்தான், ஆனா மனசுல ஒரு கசப்பும் இல்ல.

டீஎம் உருட்டின முறையில உருட்டுறவருக்கு ஒரு முடிவும் இல்ல. ஆறு தரம் கையை அசைக்கிறது, அவ்வளவுதான்.

புள்ளி வாங்குறவன் | திங்கள், இரவு 9.00

எல்லாரும் சுத்தி வாறீங்க. வழி விதிப் புத்தகத்துலயே இரிக்கி. 27 புள்ளி, எல்லாருக்கும் ஒரே அளவு, விரும்பினதை வாங்கிக்கொள்ளுங்க. அதுவும் வேணாமெண்டா 15, 14, 13, 12, 10, 8 எண்டு எழுதி வச்ச தொகுதி. அதுட விலையும் சரியா 27. ரெண்டு நிமிஷத்துல முடியிற வேலைக்கு ஏன் ஒரு பிள்ளையை அழ வைக்கணும்?

மூணு பகடை | திங்கள், இரவு 9.20

ஏனெண்டா மூணு 15, மூணு 8 எடுத்தாலும் சரியா 27. எங்கட மேசையில ஒரு வருஷம் புள்ளி வாங்கிப் பார்த்தம். வந்த வாள்வீரர் நாலு பேரும் 15, 15, 15, 8, 8, 8. பேரை மறைச்சிட்டுத் தாளைக் காட்டினா யார் யாரெண்டு தாய்க்கும் தெரியாது. விழுந்த எண்ணைப் பார்த்து "இவர் ஏன் இப்படி?" எண்டு யோசிக்கிறதுலதான் என்ட கேரக்டர்கள் பிறந்திரிக்கி. வேகம் 5 உள்ள கள்ளன் ஒருத்தன் இருந்தான், அவனை நான் இன்னும் மறக்கல்ல.

நெல்லுமூட்டை | திங்கள், இரவு 11.48

அஸ்ஸலாமு அலைக்கும். அந்த 18 நான்தான்.

எழுதுறதா விடுறதா எண்டு நேத்துல இருந்து யோசிச்சன். நான் எவ்வளவு நல்லா விளையாடுறன் எண்டு ஆறு மாசமா நினைச்சிக்கொண்டு இருந்தன். ரீச்சர்ட 45 உம் 17 உம் வாசிச்ச பிறகு பழைய பின்னேரங்களை ஒவ்வொண்டா யோசிச்சிப் பார்த்தன். கோட்டைப் பாலத்துச் சண்டையில அவ மூணு முறையில மூணு தரமும் அடியைத் தவற விட்டா. நான் அவட கொப்ளினையும் சேத்து அடிச்சிட்டு "நான் இரிக்கன், பயப்படாத" எண்டு சொன்னன். உதவி செய்யிறன் எண்டுதான் நினைச்சன். அவ காவல்காரியா வந்தவ. அவட வேலையை நான் பறிச்சிட்டன்.

டீஎம், என்ட 86 ஐத் திருப்பித் தாறன். எல்லாரும் ஒரே மாதிரிப் புதுசாத் தொடங்குவம். தங்கச்சி வந்தாப் போதும்.

பதின்மூண்டு | செவ்வாய், அதிகாலை 1.17
(புதிதாக இணைந்தவர்)

நான்தான் அது. நெல்லுமூட்டைக் காக்கா (அண்ணன்) அனுப்பின இணைப்பால வந்து முழுக்க வாசிச்சன்.

எல்லாரும் என்னைப் பத்தி அன்பாத்தான் எழுதியிரிக்கீங்க. ரீச்சர்ட கணக்கை வாசிச்சி அழுதன், ஏனெண்டா அது நான் மேசையில இருந்து உணர்ந்ததுதான், எனக்கு எண்ணாச் சொல்லத் தெரியல்ல. ஆனா நான் வாறதை நிப்பாட்டினது அதுக்கில்ல. பரீட்சை எண்டு பொய் சொன்னதுக்கு மன்னிச்சிக்கொள்ளுங்க அண்ணா.

காக்காட 18 எனக்குக் கோபமே இல்ல. ஒவ்வொரு பகடையும் சுளகுக்குள்ள விழுந்ததை என்ட கண்ணால கண்டன். நானும்தான் கத்தினன். அது அவருக்கு விழுந்தது. எனக்கு விழுந்தது எனக்கு. அப்படித்தான் எடுத்தன். அந்த 13 ஓட ரெண்டு மாசம் சந்தோசமா விளையாடினன்.

மூண்டாவது மாசம் களுவாஞ்சிக்குடித் தம்பிட ஆள் செத்தது. அவர் புதுசா உருட்டினார். 9, 8, 10, 6, 11, 9. நான் அவருக்குப் பக்கத்துல இருந்தன், நான்தான் அவருக்கு எழுதிக் குடுத்தன். நீங்க அதைப் பார்த்திட்டு, "இது பழகுறதுக்கு உருட்டினது, இப்ப சரியா உருட்டு" எண்டு சொன்னீங்க. அவர் திரும்ப உருட்டினார், 16 வந்தது, எல்லாரும் சிரிச்சிட்டு விளையாடத் தொடங்கிட்டீங்க. நான் எழுதின அந்த ஆறு எண்ணையும் அழிறப்பரால அழிச்சது நான்தான்.

எனக்கு "விழுந்தது விழுந்ததுதான்". அவருக்குப் பழகுறது. தம்பியில பிழையில்ல, அவர் கேக்கவும் இல்ல. நீங்களும் வேணுமெண்டு செய்யல்ல, அது எனக்குத் தெரியும். ஆனா அண்டைக்குப் பிறகு நான் பகடையை எடுக்கிற நேரமெல்லாம் இது உண்மையான பகடையா எண்டு ஒரு யோசனை வந்திரிச்சி.

ஒலுவில் அண்ணா, வாளுக்கு மந்திரம் வேணாம். பாவம் பார்த்துத் தந்த வாளோட என்னால காவல் நிக்க ஏலாது.

வாவிக்கரை டீஎம் | செவ்வாய், காலை 5.35

தங்கச்சி, உண்மை. நான் அதை மறந்தே போயிட்டன். மறந்துட்டன் எண்டு சொல்றதுகூட எனக்கு வெக்கமா இரிக்கி, ஏனெண்டா முதல் பதிவில எல்லாத்தையும் எழுதினன், அதை மட்டும் எழுதல்ல. தம்பி பிந்தி வந்தவர், சின்னவர், மனம் உடைஞ்சிருவார் எண்டு நினைச்சன். உங்களுக்கு உடையும் எண்டு நினைக்கல்ல, ஏனெண்டா நீங்க ஒண்டும் சொல்லல்ல.

மன்னிச்சிக்கொள்ளுங்க. இதை வாற ஞாயிறு எல்லாருக்கும் முன்னால வாயாலயும் சொல்லுவன்.

மூணு பகடை | செவ்வாய், காலை 7.10

தங்கச்சி எழுதின பிறகு என்ட முதல் பதிவைத் திரும்ப வாசிச்சன். பழைய முறையில ஓட்டுறம் எண்டு பெருமைப்படுற நாங்க இதை எல்லாத்தையும் விட இறுக்கிப் பிடிக்கணும். டீஎம்மிட கை குறுக்க போகாது எண்டு நம்பித்தான் ஆள்கள் 5 ஐயும் 6 ஐயும் ஏத்துக்கொள்றாங்க. நானும் ஒருக்கா "பகடை சாய்ஞ்சி நிண்டது" எண்டு சொல்லி ஒருத்தருக்குத் திரும்ப உருட்டக் குடுத்திரிக்கன். பகடை சாயல்ல. ஆரும் பார்த்தாங்களா எண்டு இப்ப யோசிக்கிறன்.

புள்ளி வாங்குறவன் | செவ்வாய், காலை 8.02

அதுக்குத்தான் சொல்றன், 27 புள்ளியில இந்தப் பிரச்சினையே வராது. "பழகுறதுக்கு வாங்கினது" எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது.

கல்முனைக் கணக்கு | செவ்வாய், பின்னேரம் 3.40

நேற்றிரவு ஒரு முறையைத் தாளில் போட்டுப் பார்த்தேன். எங்கள் தெருவில் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து சீட்டுக் கட்டுகிறோம், குலுக்கல் சீட்டு. பேர்களைச் சுருட்டி ஒரு தகரப் பேணியில் போட்டு மாதாமாதம் குலுக்குவோம். யாருக்கு எந்த மாதம் விழும் என்று தெரியாது. மகளின் கலியாணத்துக்கு முன் விழாதா என்று ஒருவர் ஏங்குவார், அது குலுக்கலின் கையில். ஆனால் கடைசி மாதம் முடியும்போது பன்னிரண்டு பேரும் ஒரே தொகையை எடுத்திருப்பார்கள். பேணியைக் குலுக்குவது எப்போதும் அந்த வீட்டின் ஆகச் சின்னப் பிள்ளை, எல்லாருக்கும் முன்னால்.

அதே போல் பதினெட்டுச் சீட்டு வெட்டுங்கள். மூன்றில் 6, நான்கில் 5, ஐந்தில் 4, மூன்றில் 3, இரண்டில் 2, ஒன்றில் 1 என்று எழுதுங்கள். கூட்டினால் 72. விதிப் புத்தகத்தின் 15, 14, 13, 12, 10, 8 உம் கூட்டினால் 72 தான். சீட்டைக் கலைத்து, மும்மூன்றாக ஆறு குவியல் வையுங்கள். ஒவ்வொரு குவியலின் கூட்டுத்தொகையும் ஓர் எண்.

யாருக்கு எப்படிப் பிரியும் என்று தெரியாது. மூன்று 6 உம் ஒரே குவியலில் சேர்ந்து 18 வருவது 136 தடவைக்கு ஒரு தடவை. 1 உம் இரண்டு 2 உம் சேர்ந்து 5 வருவதும் அதே 136 க்கு ஒன்று. ஆனால் எல்லோருக்கும் மொத்தம் 72. ஆள் செத்துப் புதிதாக வந்தாலும் அதே கட்டு.

புள்ளி வாங்குபவருக்கு: நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் குவியலைப் புரட்டும்போது மூச்சைப் பிடிக்கிறோமே, அதை நான் இழக்க விரும்பவில்லை.

நெல்லுமூட்டையின் 86 பற்றி என் மனம் இன்னும் ஒப்பவில்லை. 72 க்குப் பக்கத்தில் 86 இருந்தால் அந்த 45 உம் 17 உம் முழுதாகப் போகாது.

பதின்மூண்டு | செவ்வாய், இரவு 9.55

ரீச்சர், காக்காட 86 இருக்கட்டும். அது ஒழுங்கா விழுந்தது. அதைப் பறிச்சா எனக்கு அது இன்னொரு "பழகுறதுக்கு" மாதிரித்தான் இரிக்கும். ஆனா காக்கா, என்ட கொப்ளினை எனக்கு விடுங்க.

நெல்லுமூட்டை | செவ்வாய், இரவு 10.03

இன்ஷா அல்லாஹ். கேட்டாத்தான் வருவன்.

வட்டக்களரி | புதன், காலை 6.45

டீஎம், கொப்பியை மறந்திராதீங்க.

வாவிக்கரை டீஎம் | ஞாயிறு, இரவு 8.30

வந்தா. எல்லாரும் வந்தாங்க. கலண்டர் மட்டையில பதினெட்டுச் சீட்டு வெட்டினன். சுளகுக்குள்ள போட்டுக் கலைச்சது எங்கட அக்காட மகள், ஆறு வயசு. களுவாஞ்சிக்குடித் தம்பி தானாவே பழைய தாளைத் தந்திட்டுப் புதுசா எடுத்தார். நான் சொல்ல வேண்டியதை முதல் சொன்னன். அவட கொப்பியில ஏழாம் பக்கத்துல ஒரு தோணிக்காரக் கிழவன் இரிக்கார். இண்டைக்குக் கதை அவர்ட தோணியில தொடங்கிச்சி. மிச்சத்தை அவ எழுதுவா.

பதின்மூண்டு | ஞாயிறு, இரவு 9.12

16, 14, 13, 12, 11, 6.

பழைய ஆளுக்கு ஆகக் குறைஞ்சது 7. இவவுக்கு 6! கடைசிக் குவியலைப் புரட்டினா 3, 2, 1. எல்லாரும் என்ட முகத்தைப் பார்த்தாங்க. நான் சுளகைப் பார்த்தன், ஒரு சீட்டும் மிச்சமில்ல.

6 ஐ வசீகரத்துல போட்டன். கதவைக் காக்கிறவ, ஆனா ஆரோடயும் நல்லாக் கதைக்கத் தெரியாதவ. தோணிக்காரக் கிழவன் ஒருத்தர்தான் அவவோட கதைப்பார்.

அண்ணா, பழைய ஆளைக் கொல்ல வேணாம். அவ படுவான்கரையில ஒரு கொல்லன் பட்டறை வச்சிரிக்கட்டும், புது ஆளுட வாளை அவதான் அடிச்சிக் குடுத்தா எண்டு எழுதிக்கொண்டு இரிக்கன். வாற கிழமை ஒரு பத்து நிமிஷம் வெள்ளென வரட்டா?